யார் யாருக்குப் பங்காளி?

'பங்காளி' நம்மூர்ச் சொல். ஒரே பாட்டன் சொத்தில் பாத்தியதை உள்ளவன் பங்காளி. அவனோடு வரப்புத் தகராறு வரும், வெட்டுக்குத்து வரும், கோர்ட்டுக்குப் போவான். ஆனால் 'உனக்கு ஏதுடா பாத்தியதை?' என்று அவனைக் கேட்க முடியாது. களத்துமேட்டில் நெல் அளந்து வாங்கிப்போகிற பண்ணையாளுக்கு யாரும் பங்காளி என்று பேர் வைத்ததில்லை. அவனுக்குக் கிடைப்பது கூலி. பங்குக்கும் கூலிக்கும் உள்ள வித்தியாசம் மரக்கால் கணக்கில் இல்லை. 'வேண்டாம், நிறுத்து' என்று சொல்கிற உரிமை யாருக்கு என்பதில் இருக்கிறது.

மரம் வெட்டும் கம்பெனிகள் இன்று பழங்குடி மக்களைப் பங்காளிகள் என்று எழுதுகின்றன. கனடாவின் மேற்குக் கரையில், பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில், இது தனியொரு இலக்கிய வகையாகவே வளர்ந்துவிட்டது. பளபளக்கும் தாளில் வரும் இந்தப் பிரதிகளையும் நாம் வாசித்துப் பார்க்க வேண்டும். அதிகாரம் கவிதையில் மட்டுமா எழுதுகிறது?

இவற்றின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் ஒரு முதியவரின் முகம், பின்னால் பெரிய செடார் மரம். ஆயிரமாயிரம் ஆண்டுகளாக இம்மக்கள் காட்டைக் காத்துவந்தார்கள் என்று ஒரு பத்தி. அடுத்து வேலைவாய்ப்பு, பயிற்சி, வருவாய். நம்பியகப்பொருள் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. அங்கே புள், விலங்கு, மரம், பறை, யாழ் என்று போகிற கருப்பொருள் பட்டியலில் 'உயர்ந்தோர்', 'அல்லோர்' என்று மனுசர்களும் இருப்பார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரராக அல்ல, நிலத்தின் அடையாளமாக. கம்பெனி அறிக்கையிலும் பழங்குடி ஒரு கருப்பொருள்தான்.

வினைச்சொற்களைப் பாருங்கள். கம்பெனி 'வழங்குகிறது', 'உருவாக்குகிறது', 'மதிக்கிறது'. மக்கள் 'பெறுகிறார்கள்', 'பயனடைகிறார்கள்'. காடு கம்பெனி கைக்கு எப்படி வந்தது என்கிற இடத்தில் மட்டும் வாக்கியம் செயப்பாட்டு வினைக்கு மாறிவிடும்: உரிமம் அளிக்கப்பட்டது. யாரால்? யாருடையதை? எழுவாய் இல்லை.

இல்லாத எழுவாயைச் சரித்திரத்தில்தான் தேட வேண்டும். அம்மாகாணத்தின் பெரும்பகுதி நிலத்தை எந்த உடன்படிக்கையும் இல்லாமலேயே முடியரசின் நிலம்ன்னு எழுதிக்கொண்டார்கள். அதை எதிர்த்துக் கேட்பதற்கும் வழியில்லை. 1927 முதல் 1951 வரை, நிலக் கோரிக்கைக்காக வக்கீல் வைக்க அனுமதியின்றிப் பணம் திரட்டுவதே குற்றம். நிலத்தை எடுத்தவன், வாயையும் சட்டம் போட்டுக் கட்டினான். 'நீண்டகால நல்லுறவு' என்று எழுதுகிற எந்த அறிக்கையிலும் இந்த 24 வருசம் கிடையாது.

இந்த இலக்கியத்தின் நல்ல உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். வான்கூவர் தீவின் கிளாக்வாட் சவுண்ட் பகுதி நூ-சா-நுல்த் மக்களின் பூமி. 1998-இல் அங்கே ஈசாக் என்ற மரக் கம்பெனி உருவானது. 51 சதவீதம் ஐந்து பழங்குடிச் சமூகங்களின் மா-மூக் அமைப்புக்கு. 49 சதவீதம் மக்மில்லன் ப்ளோடெல் கம்பெனிக்கு. ஈசாக் என்றால் அவர்கள் மொழியில் மரியாதை.

இந்த மரியாதை எங்கிருந்து வந்தது? 1984-இல் இதே கம்பெனி மியர்ஸ் தீவில் மரம் வெட்ட வந்தபோது, ட்லா-ஓ-க்வி-ஆட் மக்கள் தீவைத் தங்கள் பழங்குடிப் பூங்கா என்று அறிவித்தார்கள். தலைவர் மோசஸ் மார்ட்டின் கரையில் நின்று, விருந்தாளியாக வாருங்கள், ரம்பத்தை மட்டும் படகிலேயே விட்டுவிடுங்கள் என்கிற பொருளில் சொன்னார். 1985-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அங்கே மரம் வெட்டத் தடை விதித்தது. 1993 கோடையில் கிளாக்வாட் சாலை மறியல்களில் 800-க்கும் மேற்பட்டோர் கைதானார்கள். 1994-இல் மாகாண அரசு இடைக்கால ஒப்பந்தத்துக்கு இறங்கி வந்தது. அதன் பிறகுதான் 51:49. 1999-இல் மக்மில்லனை வாங்கிய வேயர்ஹவுசர் 2005-இல் அந்த 49-ஐயும் மா-மூக்குக்கு விற்றுவிட்டு வெளியேறியது. 'வேண்டாம்' முதலில் வந்தது, பங்கு பிறகு வந்தது. கம்பெனியின் கதை இதைத் தலைகீழாக்கி, பங்கைப் பெருந்தன்மை ஆக்குகிறது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் பங்கைக் கொடுத்து 'வேண்டா'மை வாங்கிக்கொள்கிறார்கள். பச்சீடாட் மக்கள் மாகாண அரசோடு ஒரு வருவாய்ப் பங்கீட்டு ஒப்பந்தம் போட்டார்கள். அரசு அனுமதித்த மரவெட்டைத் தடுக்கும் செயல்களை ஆதரிக்க மாட்டோம் என்பது அதிலுள்ள நிபந்தனைகளில் ஒன்று. அவர்கள் பகுதியான ஃபேரி க்ரீக்கில் பழங்காட்டைக் காக்க நடந்த மறியல்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானபோது, பச்சீடாட் தலைமை மறியல்காரர்களைப் போகச் சொன்னது.

உடனே நகரத்துப் பசுமைக்காரர்கள் 'விலைபோய்விட்டார்கள்' என்றார்கள். இந்தப் பேச்சு நமக்குப் பழக்கமானதுதான். நம்மாள் ஒருத்தன் நாலு காசு பார்த்தால் கொள்கை போச்சு என்பார்கள். பழங்குடி மரமறுப்பு ஆலை வைக்கக் கூடாதா? காலமெல்லாம் அவன் காட்டுக்குக் கூலியில்லாத காவல்காரனாக நிற்கணுமா? 2021 ஜூனில் பச்சீடாட்டும் அண்டைச் சமூகங்கள் இரண்டும் சேர்ந்து, ஃபேரி க்ரீக் பழங்காட்டில் இரண்டாண்டு மரவெட்டை நிறுத்தச் சொன்னார்கள். மற்ற இடங்களில் வேலை நடக்கட்டும் என்றார்கள். எங்கே வெட்டுவது, எங்கே நிறுத்துவது என்பதைத் தாங்களே சொல்வோம் என்பதுதான் அதன் பொருள். அரசு ஒத்துக்கொண்டது. பங்காளி பேசினது அந்த நாளில்தான்.

நீதிமன்றங்களும் இந்த இடத்தைத்தான் சுற்றி வந்திருக்கின்றன. ஹைடா வழக்கில், 2004-இல், பழங்குடியினரைக் கலந்தாலோசிக்கும் கடமை அரசுக்கே உண்டு, மரக் கம்பெனிக்கு இல்லை என்றது உச்ச நீதிமன்றம். ஆக, கம்பெனியின் விருந்தும் கைகுலுக்கலும் அரசின் கடமைக்கு ஈடாகாது. 1983-இல் ஒரு மரவெட்டு உரிமத்தை எதிர்த்துக் கிளம்பிய சில்கோட்டின் மக்களுக்கு 2014-இல் 1,700 சதுர கிலோமீட்டருக்கும் அதிகமான நிலம் அவர்களுடையதே என்று தீர்ப்பு வந்தது. 31 வருசம். அது பங்கு இல்லை, பாத்தியதை.

இந்தச் சொல் நம் பக்கமும் வந்துதான் இருக்கிறது. இந்திய அரசு 1990 ஜூனில் கொண்டுவந்த கூட்டு வன மேலாண்மை, கிராமத்துக்கு விளைச்சலில் பங்கு என்றது. நிலம் வனத்துறையிடமே இருந்தது. இதைத்தான் நம் தாத்தாக்கள் வாரம் என்றார்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் வந்த பிறகுதான் கிராம சபைக்குச் சட்டப்படி ஒரு வாய் கிடைத்தது.

அடுத்த முறை பளபளப்பான தாளில் 'பங்காளி' என்று படித்தால் சதவீதத்தை அப்புறம் பார்க்கலாம். இவர்கள் வேண்டாம் என்றால் ரம்பம் நிற்குமா? ஒப்பந்தத்தில் அது எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது? முதலில் அந்தப் பக்கத்தைக் காட்டச் சொல்லுங்கள்.