பத்து வயது தாண்டிய டீசல் டிசையர்: வாங்கலாமா?

பழைய கார் விற்கும் இடத்தில் "டீசல் டிசையர் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள், இல்லை என்ற பதிலே வராது. 2012, 2013, 2014 மாடல்கள் வரிசைகட்டி நிற்கும். 2012ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு முப்பது ரூபாய் அளவுக்கு வித்தியாசம் இருந்தது. மாதம் நானூறு கிலோமீட்டர்கூட ஓட்டாதவர்களும் டீசல்தான் வேண்டும் என்று முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். 2014 அக்டோபரில் மத்திய அரசு டீசல் விலைக் கட்டுப்பாட்டை நீக்கியது. அதற்குள் இடைவெளியும் வெகுவாகச் சுருங்கிவிட்டது. இப்போது சென்னையில் எட்டு, ஒன்பது ரூபாய்தான் வித்தியாசம். பிஎஸ்-6 வந்த 2020 ஏப்ரலோடு மாருதி டீசலையே கைகழுவிவிட்டது. ஆனால் விற்ற வண்டிகள் எங்கும் போய்விடவில்லை.

என்னிடம் இருப்பது 2013 விடிஐ. மீட்டர் ஒன்றரை லட்சத்தைத் தாண்டிவிட்டது. உள்ளே 1,248 சிசி இன்ஜின், 75 பிஎஸ், 2,000 ஆர்பிஎம்மில் 190 நியூட்டன் மீட்டர் டார்க். ஃபியட்டின் மல்டிஜெட் வடிவமைப்பு, மானேசரில் உற்பத்தி. ஸ்விஃப்ட், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா, புன்ட்டோ, லீனியா என்று ஊரில் ஓடிய பாதி டீசல் கார்களில் இதே இன்ஜின்தான். கார் பிரியர்கள் இதற்கு ‘இந்தியாவின் தேசிய இன்ஜின்’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அதனால் ஒரு பெரிய லாபம்: இதைப் பிரித்துப் பார்க்காத மெக்கானிக் தமிழ்நாட்டில் அபூர்வம். சென்னை ஜி.பி. ரோட்டில் புது பாகம், புதுப்பேட்டையில் கழற்றிய பாகம், இரண்டுமே அலையாமல் கிடைக்கும்.

ஓட்டத்தில் இதற்கு இரண்டு குணம். முள் 2,000ஐத் தாண்டினால் ஐந்து பேரும் டிக்கி நிறைய சாமானும் இருந்தாலும் நான்குவழிச் சாலையில் அலுங்காமல் போகும். அதற்குக் கீழே இருந்தால் டர்போ தூங்கும். வத்தலகுண்டிலிருந்து கொடைக்கானல் ஏறும்போது கொண்டை ஊசி வளைவில் இரண்டாவது கியரில் வேகம் விழுந்துவிட்டால், ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தாலும் ஒரு கணம் ஒன்றும் நடக்காது. பின்னால் அரசுப் பேருந்து ஹாரன் அடிக்கும். உடனே பலரும் பாதி கிளட்ச்சை அழுத்தி ஏற்றுவார்கள். இந்த வண்டிகளில் கிளட்ச் சீக்கிரம் தேய இதுவும் ஒரு காரணம், சென்னை டிராஃபிக் இன்னொரு காரணம். பெடல் கல் மாதிரி கனத்துவிட்டால் கிளட்ச் செட் மாற்றும் நேரம் நெருங்கிவிட்டது என்று பொருள். கூலியோடு பத்தாயிரத்தைத் தாண்டும்.

இன்ஜினில் முதலில் கவனிக்க வேண்டியது டைமிங் செயின். பெல்ட் இல்லை, செயின். ஆயுசுக்கும் மாற்ற வேண்டாம் என்று விற்கும்போது சொன்னார்கள். ஆயிலை நேரத்துக்கு மாற்றியவர்களுக்கு அது கிட்டத்தட்ட உண்மை. செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் பிரஷரில்தான் வேலை செய்கிறது. ஆயில் மூன்று லிட்டர் சொச்சம்தான் பிடிக்கும். அதில் ஒரு லிட்டர் குறைந்தாலும், பத்தாயிரம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டியதைப் பதினெட்டாயிரம் வரை இழுத்தாலும், அடி வாங்குவது செயின். ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது, இன்ஜினின் ஓரத்திலிருந்து இரண்டு மூன்று நொடிக்குச் சரசரவென்று இரும்புச் சத்தம் வந்து அடங்கினால், செயின் தளர்ந்திருக்கிறது. அப்போதே மாற்றினால் பதினைந்தாயிரத்துக்குள் முடியும். செயின் பல் தாண்டிவிட்டால் வால்வு பிஸ்டனில் இடிக்கும், ஹெட்டைக் கழற்ற வேண்டிவரும், செலவு பல மடங்கு ஆகும். வண்டி பார்க்கப் போகும்போது "வார்ம் பண்ணி வைக்காதீங்க, நான் வந்து ஸ்டார்ட் பண்றேன்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சூடாக்கி வைத்துக் காத்திருப்பவர் எதையோ மறைக்கிறார் என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

அடுத்தது இன்ஜெக்டர். காலையில் ஸ்டார்ட் ஆகத் திணறுவது, ஐடிலில் உதறுவது, வெள்ளைப் புகை எல்லாம் அதன் அறிகுறி. ஸ்கேனரை மாட்டிவிட்டு உடனே நான்கையும் மாற்றச் சொல்லும் இடங்கள் உண்டு. புது இன்ஜெக்டர் ஒன்றே பத்தாயிரத்துக்கு மேல். நான் போகும் டீசல் பம்ப் சர்வீஸ் கடையில் முதலில் செய்வது வேறு: நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாய்களையும் கழற்றி, ஒவ்வொன்றையும் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலில் விட்டு, இன்ஜினை ஓட விடுவார்கள். என் வண்டியில் மூன்று பாட்டிலில் டீசல் அடியோடு நிற்க, மூன்றாவது சிலிண்டரின் பாட்டில் மட்டும் பாதி வரை ஏறிவிட்டது. "பாட்டில்லயே தெரியுது பாருங்க சார், இது ஒண்ணுதான் டீசலைத் திருப்பி விடுது" என்றார் மெக்கானிக். அந்த ஒன்றை மட்டும் பிரித்து ரீகண்டிஷன் செய்ததோடு உதறல் நின்றது. டீசல் ஃபில்டரை ஒழுங்காக மாற்றி, அதில் தேங்கும் தண்ணீரை வடிகட்டினாலே இன்ஜெக்டருக்குப் பாதி ஆயுள் கூடும்.

டர்போவும் இஜிஆர் வால்வும் ஓட்டுகிறவர் குணத்தைக் காட்டிக்கொடுப்பவை. தினமும் மூன்று கிலோமீட்டர் பள்ளிக்கூடம், இரண்டு கிலோமீட்டர் மார்க்கெட் என்று மட்டுமே ஓடும் டீசலில் இன்ஜின் ஒழுங்காகச் சூடே ஆகாது. இஜிஆரில் கரி அடையும், பிக்கப் போகும், கறுப்புப் புகை தள்ளும். கழற்றிச் சுத்தம் செய்தால் சரியாகிவிடும். நீலப் புகை வந்தால் டர்போ ஆயில் தள்ளுகிறது, அல்லது ரிங் போயிருக்கிறது. நெடுஞ்சாலையில் விரட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் சாவியைத் திருப்பாமல் அரை நிமிடம் ஐடிலில் விட்டால் டர்போ பேரிங் பிழைக்கும். ஆயில் மாற்றி ஒரு வாரத்திலேயே கறுத்துவிட்டதே என்று பயப்பட வேண்டாம், டீசலில் அப்படித்தான். பிஎஸ்-4 வண்டி என்பதால் புகைக்கரி வடிகட்டியும் இல்லை, ஆட்ப்ளூ ஊற்றும் வேலையும் இல்லை. பழசானாலும் இது ஒரு நிம்மதி.

சஸ்பென்ஷனில் லோயர் ஆர்ம் புஷ், லிங்க் ராடு, ஸ்ட்ரட் மவுன்ட் போகும். பெட்ரோல் டிசையரைவிட இது கிட்டத்தட்ட நூறு கிலோ அதிகம், அந்த எடையில் பெரும்பகுதி முன்னால் இருக்கிறது. ஏசி பற்றிக் குறை இல்லை.

இனி கணக்கு. கலந்து ஓட்டினால் எனக்கு லிட்டருக்குப் பதினெட்டு, பத்தொன்பது கிடைக்கிறது. அதாவது கிலோமீட்டருக்கு ஐந்து ரூபாய். அதே வயது பெட்ரோல் டிசையர் பதினைந்து கொடுக்கும் என்று வைத்தால் ஆறே முக்கால் ரூபாய். மிச்சம் ஒன்றே முக்கால். மாதம் 500 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு வருடத்துக்குச் சுமார் 10,500 ரூபாய் மிச்சம். ஒரு கிளட்ச் செட்டில் அது போய்விடும். மாதம் 2,000 ஓட்டுபவருக்கு 42,000. டர்போ ரீகண்டிஷன், செயின் இரண்டும் ஒரே வருடத்தில் வந்தாலும் அவர் தாங்குவார். முதல் ஆள் வாங்க வேண்டியது பெட்ரோல். விற்பவர் எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் சரி.

காகிதச் செலவையும் சேருங்கள். இந்த சிசிக்கு மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் 2022 முதல் 3,416 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பதினைந்து வருடம் முடிந்ததும் எஃப்சி காட்டி ஆர்சியைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் கட்டணம் 600லிருந்து 5,000 ஆகிவிட்டது, பசுமை வரி அதற்கு மேல். 2012, 2013 மாடல் வாங்குகிறவர் இதைப் பேரத்திலேயே கழித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டு வகை வண்டியை நான் தொடமாட்டேன். ஒன்று, டி போர்டாக ஓடி ஒயிட் போர்டுக்கு மாறியது. ஆர்சி விவரத்தில் தெரிந்துவிடும். தெரியாவிட்டால் பெடல் ரப்பரைப் பாருங்கள். மீட்டரில் 80,000 என்று இருந்து, ரப்பர் வழவழவென்று தேய்ந்து, ஸ்டீயரிங்கும் பளபளத்தால் மீட்டரைக் குறைத்திருக்கிறார்கள். இன்னொன்று டெல்லி என்ஓசி வண்டி. பத்து வருடம் கடந்த டீசலுக்கு அங்கே தடை என்று 2015ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதையும், 2018ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்ததையும் தொடர்ந்து தெற்கே மலிவாக வந்து குவிந்தவை அவை. ஆனால் இங்கே பதிவை மாற்ற ஆயுள் வரி கட்ட வேண்டும். வாங்கும் முன் ஆர்டிஓ அலுவலகத்தில் தொகையைக் கேட்டுவிட்டு, வண்டி விலையோடு கூட்டிப் பாருங்கள். உள்ளூர் சிங்கிள் ஓனர் வண்டிக்குப் பக்கத்தில் வந்து நிற்கும்.