ஜார்ஜ் டவுனின் மிதிவண்டிச் சிறார்

2008ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற, மலேசியாவின் பினாங்குத் தீவிலுள்ள ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில், லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரேவிச் 2012இல் தீட்டிய மிதிவண்டிச் சிறார் ஓவியம், தெருவோவியம் தன் சுவரை எவ்வளவு மதிக்கக்கூடும் என்பதற்கு மிகச் சிறந்த சான்றாகும். சுவரில் பொருத்தப்பட்ட உண்மையான பழைய மிதிவண்டியின் மேல், சிறுமியும் அவளைப் பின்னிருந்து பற்றிய சிறுவனும் வண்ணத்தில் மட்டுமே அமர்ந்திருக்க, இரும்பு முடிந்து ஓவியம் தொடங்கும் இடத்தைக் கண் தேடித் தேடி மகிழ்கிறது. கடைவீடு எனப்படும், கீழே வணிகமும் மேலே குடியிருப்புமாக அமைந்த அப்பகுதிக் கட்டடங்களின் பூச்சு கடற்கரை ஈரத்தில் உரிவது இயல்பு; அந்தக் கறையையும் உதிர்வையும் மறைக்காமல் பின்னணியாகவே ஏற்றுக்கொண்ட அடக்கம், சுவர் முழுவதையும் பளிச்சென மூடிவிடும் ஓவியங்களுக்கு எளிதில் வாய்ப்பதில்லை.