முல்லைக்கலியும் தொழுவத்து வழக்கும்

கலித்தொகையின் முல்லைக்கலிப் பாடல்கள் பதினேழு. சோழன் நல்லுருத்திரன் பாடியனவாகக் கூறப்படும் இப்பாடல்களில், ஏறுதழுவற் களத்திற்கு வந்து நிற்கும் காளைகள் ஒவ்வொன்றாகக் கூறப்படுகின்றன. காரி, வெள்ளை, புகர், குரால் என நிறத்தால் பிரித்தும், மறுவாலும் கொம்பாலும் வேறுபடுத்தியும் புலவர் அவற்றைக் காட்டுகிறார். இப்பகுதியைத் திறனாய்வாளர் பலர் 'வருணனை' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிடுவர். உவமைகளின் அழகை எடுத்துக் காட்டி அமைவர். இக்கருத்து பொருந்துமா என ஈண்டு ஆராய்வாம்.

புதுச்சேரி வில்லியனூர் வட்டாரத்தில், சங்கராபரணி ஆற்றங்கரையில் அமைந்தது செல்லிப்பட்டு. அவ்வூர்த் தொழுவங்களில் வழங்கும் சொற்களைத் தொகுக்கச் சென்றபோது, முதிய உழவர் ஒருவரிடம், "ஐயா, இந்த மாட்டுக்கு வயது என்ன?" என்று வினவினேன். "மூணு ஈத்து" என்றார் அவர். யான் வயதைக் கேட்டேன். அவர் மாடு எத்தனை முறை ஈன்றது என்பதைக் கூறினார். 'ஈற்று' என்பதன் கொச்சை 'ஈத்து' என ஏட்டில் எழுதித் திருப்தியுற்றேன். அது என் பிழை என்பது பின்னரே விளங்கிற்று. திரிபைக் கண்ட யான் பொருளைக் காணவில்லை. கறவைக்கு ஆண்டு ஓர் அளவன்று; ஈற்றே அளவு. தலையீத்து, இரண்டாம் ஈத்து என எண்ணியே விலையும் பாலும் பேசப்படுகின்றன. உழவு மாட்டிற்கோ பல்லே அளவு. பல் போடாதது, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைசேர்ந்தது என்னும் வரிசை, நிலைப்பற்கள் இணையிணையாக முளைக்கும் முறையைத் தழுவியது.

இவ்வாறே கிடேரி, சினைமாடு, கறவை, வற்றிய மாடு என்பன ஒரு பசுவின் வெவ்வேறு நிலைகளுக்குரிய பெயர்கள். வெறும் 'பசு' என்னும் சொல் தொழுவத்தில் அரிதாகவே கேட்கப்படுகிறது. நிறத்தைக் குறிக்க மயிலை, செவலை, காரி என்பர். கொம்பைக் குறிக்க விரிகொம்பு, கூடுகொம்பு என்பர். காணாமற் போன மாட்டைத் தேடுவோனும் சந்தையில் விலை பேசுவோனும் இச்சொற்களாலேயே மாட்டை அடையாளம் காட்டுகின்றனர்.

இவ்வழக்கை உளங்கொண்டு முல்லைக்கலியை மீண்டும் நோக்குக. நிறம், மறு, கொம்பு என்னும் அவ்வரிசை அணிநலத்திற்காக மட்டும் அமைந்ததன்று. இன்ன ஏறு இன்னதென ஆயர் கூட்டம் அறிந்துகொள்ளும் அடையாள முறையும் அதுவே. எந்த ஏற்றைத் தழுவியவன் எந்த மகளுக்கு உரியன் என்பது களத்தில் முடிவாக வேண்டுமாயின், ஏறுகள் ஐயமின்றி வேறுபடுத்தப்படல் இன்றியமையாதது. உவமை அவ்வடையாளத்தின்மேல் ஏறிய அழகு, அடையாளமே அடித்தளம்.

இன்றைய ஊர்வழக்கைக் கொண்டு சங்கச் செய்யுளை விளக்குதல் காலவழுவாகாதோ எனச் சிலர் தடை நிகழ்த்தலாம். தடை தக்கதே. சொற்கள் மாறியுள்ளன என்பதை யாமும் உடன்படுகிறோம். தொல்காப்பிய மரபியல் இளமைப் பெயர் ஒன்பதும், ஆண்பாற் பெயர் பதினைந்தும், பெண்பாற் பெயர் பதின்மூன்றும் தொகுத்துரைக்கின்றது. அவற்றுள் மறி என்பது ஆடு முதலியவற்றின் இளமைப் பெயர். இன்றோ 'செம்மறி' என ஓர் இனம் முழுமைக்கும் பெயராய் நிற்கிறது. எருமைக்கும் பெற்றத்திற்கும் உரிய பெண்பாற் பெயராகிய நாகு செல்லிப்பட்டில் என் செவிக்கு எட்டவில்லை. இளம் பசுவைக் கிடேரி என்றே அங்குக் கூறக் கேட்டேன். ஆயினும் ஆணா பெண்ணா, இளையதா ஈன்றதா என்னும் வினாக்கள் மாறவில்லை. யாம் ஒப்பிடுவது சொற்களை அன்று, அவ்வினாக்களின் அமைப்பையே.

இவ்வமைப்பை அகராதி காட்டுமா? சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி (1924–1936) நூறாயிரத்துக்கு மேற்பட்ட சொற்களைத் தொகுத்த பெரும்பணி. அதற்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும் அகரவரிசை ஒரு தொழிலின் சொற்களைச் சிதற வைக்கின்றது. ஈற்று ஓரிடத்தும் கிடாரி ஓரிடத்தும் பொலிகாளை ஓரிடத்துமாகப் பிரிந்து கிடக்கின்றன. பொருள் கிடைக்கின்றது, உறவு கிடைப்பதில்லை. கரிசல் நிலத்து வழக்கைத் தொகுத்து 1982-இல் வட்டார வழக்குச் சொல்லகராதி வெளியிட்ட கி. ராஜநாராயணன், தம் 'கிடை' என்னும் குறுநாவலில் இவ்வுறவை வேறு வழியாற் காட்டினார். கிடை என்பது ஆடு உறங்கும் இடம் மட்டுமன்று; வயலுக்கு எருவூட்டும் ஏற்பாடுமாம். இதனை அறியாதார்க்கு அக்கதையின் பாதி மறைந்தே நிற்கும். புதுவைப் பல்கலைக்கழகத்தில் வருகைதரு பேராசிரியராய் இருந்து, 2021-இல் புதுவையிலேயே மறைந்த அவர் பணியைப் புதுவை வட்டாரத்திற்கும் விரித்தல் நம் கடன்.

காலம் நமக்காகக் காத்திராது. கலப்பினக் கறவைகள் பெருகியபின் பொலிகாளையின் இடத்தைச் சினை ஊசி பெற்றது. ஏர்மாடு குறையவே பற்கணக்கும் சுழிக்கணக்கும் முதியோர் நாவில் மட்டும் எஞ்சுகின்றன. இம்மாற்றத்தைப் பழித்தல் ஆராய்ச்சியாளர் தொழிலன்று. மிகுதியான பால் உழவர்க்கு வேண்டுவதே. ஆனால் இச்சொற்களைக் 'கொச்சை' என ஒதுக்குதல் நம் குற்றமாகும். அவை மறைந்தபின் முல்லைக்கலியைப் பயில்வார்க்கு உரை கிடைக்கும். உரைக்குச் சான்றாகும் வாழ்க்கை கிடைக்காது. ஆதலின் முதுகலை மாணவர் தத்தம் ஊர்த் தொழுவத்திலிருந்து தொடங்குக. சொல்லைத் திருத்தாமல் கேட்ட ஒலியிலேயே எழுதுக. அச்சொல் எவ்வினாவிற்கு விடையாக வந்தது என்பதையும் உடன் குறிக்க.