கடற்படைப் பயிற்சியில் தகவல் தொடர்புத் தொழில்நுட்பத் தடைகள்: பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை முன்வைத்து ஒரு திறனாய்வு

முன்னுரை

ஏறத்தாழ கி.பி. 1025இல் கடாரத்தின்மீது கடற்படை செலுத்திய முதலாம் இராசேந்திரனின் தலைநகரான கங்கைகொண்ட சோழபுரம் இன்றைய அரியலூர் மாவட்டத்தில் உள்ளது. எனினும் அரியலூர், பெரம்பலூர் ஆகிய இரண்டும் கடற்கரையற்ற மாவட்டங்கள். இங்கிருந்து இந்தியக் கடற்படையில் சேர விழையும் இளைஞர் கப்பலைக் காணும் முன்னரே கணினித் திரையின் முன் அமர வேண்டியுள்ளது. பயிற்சியில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கான தடைகளை ஆராய்வோர் இந்த முதற்படியைக் கணக்கில் கொள்வதில்லை என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

இருநிலைத் தடைகள்

கல்வியில் தொழில்நுட்பத் தடைகளைப் பெகி எர்ட்மர் 1999இல் இருநிலைகளாகப் பகுத்தார். கருவி, நேரம், உதவி ஆகியவற்றின் பற்றாக்குறை முதல்நிலை. கற்பித்தல் குறித்த ஆசிரியரின் நம்பிக்கைகள் இரண்டாம் நிலை. கருவிகளை வாங்கிக் குவித்தால் மாற்றம் தானே நிகழும் என்னும் எண்ணத்தை இப்பகுப்பு கேள்விக்குள்ளாக்கியது. அதன் பயன் இன்றும் குன்றவில்லை. ஆயினும் அது பள்ளி வகுப்பறையை நோக்கி உருவானது. அதைக் கடற்படைப் பயிற்சிக்கு அப்படியே பொருத்தும்போது இரண்டு இடங்களில் போதாமை தெரிகிறது.

தடையும் விதியும்

முதலாவது, பாதுகாப்பு. சமூக ஊடகம் வழியே தகவல் கசிந்த வழக்கில் கடற்படையினர் சிலர் கைதானதை அடுத்து, 2019 டிசம்பரில் போர்க்கப்பல்களிலும் கடற்படைத் தளங்களிலும் திறன்பேசிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. வகுப்பறை ஆய்வில் இது முதல்நிலைத் தடையாகவே பதிவாகும். கடற்படையிலோ இது நீக்கத்தக்க குறையன்று, பணியின் நிபந்தனை. கடல்சார் பயிற்சி தொழில்நுட்பத்துக்கு எதிரானதும் அன்று. வணிகக் கப்பல் மாலுமிகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையின் 1995ஆம் ஆண்டுத் திருத்தம், ரேடார் பயிற்சியில் சிமுலேட்டரைக் கட்டாயமாக்கியது. எனவே நீக்க வேண்டிய தடையையும் ஏற்றுக்கொண்டு திட்டமிட வேண்டிய வரம்பையும் ஒரே வினாநிரலில் கலந்து கேட்கும் ஆய்வு பிழையான முடிவுக்கே இட்டுச்செல்லும்.

வாயிலில் நிற்கும் தடை

இரண்டாவது, மொழி. 2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்கீழ் கடற்படை வீரர் தேர்வு கணினிவழி நடைபெறுகிறது. ஆங்கிலம், அறிவியல், கணிதம், பொது அறிவு ஆகிய பகுதிகளைக் கொண்ட வினாத்தாள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே அமைகிறது. தமிழக அரசுப் பள்ளிகள் 1968 முதல் இருமொழிக் கொள்கையைப் பின்பற்றுவதால், தமிழ்வழி மாணவருக்கு எஞ்சும் வழி ஆங்கிலம் ஒன்றே. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் எழுத்தறிவு பெரம்பலூரில் ஏறத்தாழ 74 விழுக்காடு, அரியலூரில் 71. மாநில அளவு 80. இத்தகைய மாவட்டங்களில் வீட்டில் ஆங்கிலத் துணை பெறும் மாணவர் சிலரே இருக்கக்கூடும்.

கப்பலில் பலமொழியினர் ஒருங்கே பணியாற்றுவதால் பொதுமொழி இன்றியமையாதது என்னும் வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. ஆனால் ஆங்கில அறிவை அளக்கத் தனிப்பகுதி ஏற்கெனவே உள்ளது. இயற்பியலையும் கணிதத்தையும் அதே மொழியிலேயே வினவும்போது மொழியறிவே மீண்டும் மீண்டும் அளக்கப்படுகிறது. பாட அறிவு மறைக்கப்படுகிறது. மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வு 2024 முதல் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்தப்படுவது, மாற்று வழி நடைமுறைக்கு ஒவ்வாததன்று என்பதைக் காட்டுகிறது.

இதனால் ஆய்வு முறையியலிலும் ஒரு சிக்கல் எழுகிறது. ஒடிசாவின் சில்கா தளத்தில் பயிற்சி முடித்த முதல் அக்னிவீரர் அணி 2023 மார்ச் 28 அன்று வெளியேறியது. ஏறத்தாழ 2,600 பேர் கொண்ட அதில் பெண்கள் 273 பேர். இத்தகைய பயிற்சியாளரிடம் மட்டுமே தடைகளை வினவினால், வாயிலைக் கடந்தோரின் குரலே பதிவாகும். வாயிலிலேயே திரும்பியோர் எந்தத் தரவிலும் இடம்பெறார். தடை மிகுதியாகத் தாக்கியவர்களே ஆய்வுக்கு வெளியில் நிற்பர்.

முடிவுரை

எர்ட்மரின் இருநிலைப் பகுப்புடன் விதிசார் வரம்பு, நுழைவுநிலை மொழித்தடை ஆகியவற்றையும் சேர்த்தே கடற்படைப் பயிற்சியை மதிப்பிட வேண்டும். தரவுத் திரட்டல் பயிற்சித் தளத்தில் அன்று, செந்துறையிலும் வேப்பந்தட்டையிலும் உள்ள மேல்நிலைப் பள்ளிகளில் தொடங்க வேண்டும். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் கருவியை மாணவர் கைக்குக் கொண்டுசேர்த்தது. கணினிவழித் தேர்வுப் பழக்கமும், அறிவியல் கலைச்சொற்களைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் இணைத்துத் தரும் சொற்கோவையும் அதனுடன் சேரும்போதுதான் அக்கருவி தொழில்நுட்ப வாய்ப்பாக மாறும். அவற்றை உருவாக்கும் பொறுப்பில் தமிழாய்வுத் துறைகளுக்கும் பங்குண்டு.