எச்சிலுக்கு ஒரே ஒரு வரி

புத்தகக் காட்சியில் வயிற்றுப் புண் பற்றி ஒரு புத்தகம் வாங்கினேன். பெயர் வேண்டாம். பத்தியச் சாப்பாடு பற்றிய அத்தியாயம் உபயோகமாகவே இருக்கிறது. மற்ற பக்கமெல்லாம் அமிலம், அமிலம், அமிலம். முடிக்கும்போது, பேட்டரியை முழுங்கிவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு பீதி.

நான் பி.காம். பற்று எழுதினால் வரவும் எழுதணும் என்று படித்தவன். இந்தப் புத்தகத்தில் பற்று மட்டும்தான். அமிலம் ஊறுகிறது, சரி. போதும் நிறுத்து என்று சொல்வது யார்? பதில் இல்லை. எச்சிலுக்கு ஒரே ஒரு வரி. மாவுச்சத்தைச் செரிக்க உதவுமாம். தீர்ந்தது.

சுவாரஸ்யமே அந்த எச்சிலில்தான் இருக்கிறது. ஸ்டான்லி கோஹன் என்ற அமெரிக்கர் 1962-ல் எலியின் எச்சில் சுரப்பியிலிருந்து ஒரு புரதத்தைப் பிரித்தார். பிறந்த குட்டிக்கு அதை ஊசி போட்டால், நாள் வருவதற்கு முன்பே கண்ணைத் திறந்தது! செல்களை வளரத் தூண்டுகிற சமாசாரம். ஈ.ஜி.எஃப். என்று பெயர். 1986-ல் நோபல் பரிசும் கிடைத்தது.

இது ஒரு பக்கம். அமிலச் சுரப்பைக் குறைக்கும் ஏதோ ஒன்று சிறுநீரில் இருப்பது 1940 வாக்கிலேயே தெரியும். யூரோகாஸ்ட்ரோன் என்றார்கள். 1975-ல் இங்கிலாந்தில் ஹாரி கிரிகரி மனிதச் சிறுநீரிலிருந்து அதைச் சுத்தமாகப் பிரித்து, 53 அமினோ அமிலங்களையும் வரிசைப்படுத்திப் பார்த்தால்... அட, 37 இடங்களில் கோஹனின் எலிப் புரதமேதான்! அது எலிப் பதிப்பு, இது மனிதப் பதிப்பு. செல்லை வளர்க்கிற ஆளும் அமிலக் குழாயைத் திருகி மூடுகிற ஆளும் ஒருவரேதான்.

இதைச் சொல்லாத புத்தகம், கடைசி அத்தியாயத்தில் 'வளர்ச்சிக் காரணி' கலந்த ஒரு பவுடரைச் சிபாரிசு செய்கிறது. எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதாம். என் சித்தப்பா இதைப் படித்துவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஓரங்கட்டிவிட்டு டப்பா வாங்கி வந்துவிட்டார்.

முதலில், ஈ.ஜி.எஃப்.பை ரத்தத்தில் ஏற்றினால்தான் அமிலம் குறைகிறது. வாய்வழியாகக் கொடுத்த சோதனைகளில் அப்படிக் குறையவில்லை. அப்புறம் அந்த 'அதிகம்'. மெனட்ரியே நோய் என்று ஒன்று உண்டு. 1888-ல் பிரான்ஸில் அதை விவரித்த டாக்டரின் பெயர். அபூர்வமானது. ஈ.ஜி.எஃப்.பின் பங்காளியான டி.ஜி.எஃப்.-ஆல்ஃபா வயிற்றில் எக்கச்சக்கமாகிவிடும். சளி சுரக்கும் செல்கள் பெருகி, உட்சுவர் தடித்து மடிப்பு மடிப்பாகிவிடும். அமிலம் சுரக்கும் செல்லும் போச்சு, பெப்சின் என்சைமுக்கான செல்லும் போச்சு. ரத்தத்துப் புரதம் வயிற்று வழியே கசியும், கால் வீங்கும். 2000-ல் ஒரு நோயாளிக்கு டாக்டர்கள் கொடுத்த மருந்து என்ன தெரியுமா? இந்த இரண்டு பங்காளிகளும் செல்லுக்குள் சேதி அனுப்புகிற கதவைப் பூட்டும் மருந்து. அவருக்குக் குணம் தெரிந்தது.

சித்தப்பாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "நீ பி.காம்.தானேடா?" என்றார். அதனால் பத்திய அத்தியாயத்தை மட்டும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிட்டு, புத்தகத்தைத் தூக்கி வந்துவிட்டேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருக்கிறார். டப்பா இன்னும் ஃபிரிட்ஜ் மேலேதான் இருக்கிறது.