நியாயமான வழக்கும் பிழையான சாட்சியும்

சமுதாய நீதிக்காகக் குரல்கொடுப்பது திருச்சபையின் பணிகளுள் ஒன்று என்பதை இன்று நம்மிடையே மறுப்பவர் மிகச் சிலரே. ஆயினும், அக்குரல் எத்தகைய சொற்களால் அமையவேண்டும் என்னும் வினாவை நாம் அரிதாகவே எழுப்புகிறோம். நோக்கம் நேர்மையானதாயின் சொல்லில் நேரும் பிழைகளைப் பெரிதுபடுத்த வேண்டுவதில்லை என்று ஒரு சாரார் கருதுகின்றனர். சொல்லில் ஒரு பிழை காணப்பட்டால் நோக்கத்தையும் பொய்யெனத் தள்ளிவிடலாம் என்று மற்றொரு சாரார் கருதுகின்றனர். அரசியலிலும் இதழியலிலும் எழும் பூசல்கள் பலவும் இவ்விரு முனைகளுக்கிடையே சிக்கிக்கிடக்கின்றன. இவ்விரு கருத்துகளும் தவறானவை என்பதை, ஒரு விளம்பரத்தைத் திறனாய்வு செய்வதன் வாயிலாக இக்கட்டுரையில் காட்ட முயல்கிறோம்.

1. விளம்பரமும் அதன் பின்னணியும்

1960-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட உணவகங்களில் அமர்ந்து உணவு கேட்கும் அறப்போராட்டத்தைத் தொடங்கினர். அதே திங்களில் அலபாமா மாநிலம், மார்ட்டின் லூதர் கிங் தம் வருமானவரிக் கணக்கில் பொய்யுறுதி கூறினார் எனக் குற்றஞ்சாட்டியது. அவருடைய வழக்குச் செலவிற்கும் மாணவர் போராட்டத்திற்கும் நிதி திரட்டுவதற்காக நியூயார்க்கில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அக்குழு ஏறத்தாழ 4,800 டாலர் செலுத்தி, மார்ச்சுத் திங்கள் 29-ஆம் நாள் 'நியூயார்க் டைம்ஸ்' நாளிதழில் முழுப்பக்க விளம்பரம் ஒன்றை வெளியிட்டது. எழும்பும் குரல்களுக்குச் செவிகொடுக்குமாறு நாட்டு மக்களை வேண்டுவதாக அதன் தலைப்பு அமைந்திருந்தது.

விளம்பரத்தின் அடியில் 64 பேருடைய பெயர்கள் இடம்பெற்றன. எலினார் ரூஸ்வெல்ட் அம்மையார், நடிகர் சிட்னி பாய்ட்டியர், நம் மாணவர் நன்கறிந்த போதகர் ஹாரி எமர்சன் ஃபாஸ்டிக் ஆகியோர் அவர்களுட் சிலர். அவற்றின்கீழ், இம்முறையீட்டைத் தென்னாட்டிலிருந்து ஆதரிப்போர் என மேலும் 20 பெயர்கள் அச்சிடப்பட்டன. அவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினப் போதகர்கள்.

2. பிழைகளும் அவற்றின் தன்மையும்

பத்துப் பத்திகளைக் கொண்ட அவ்விளம்பரத்தில் மூன்றாம் பத்தியும் ஆறாம் பத்தியின் ஒரு பகுதியும் பின்னர் வழக்கிற்குள்ளாயின. மாண்ட்கோமரி நகரிலுள்ள அரசுக் கல்லூரியின் மாணவர்கள் மாநிலத் தலைமையகப் படிகளில் ஒரு நாட்டுப்பற்றுப் பாடலைப் பாடினர் என்றும், அதனால் மாணவர் தலைவர்கள் நீக்கப்பட்டனர் என்றும், ஆயுதந்தாங்கிய காவலர் கல்லூரி வளாகத்தைச் சூழ்ந்துகொண்டனர் என்றும், மாணவர்களைப் பட்டினியிட்டுப் பணியவைக்க உணவுக்கூடம் பூட்டப்பட்டது என்றும் மூன்றாம் பத்தி கூறிற்று. கிங் ஏழுமுறை கைது செய்யப்பட்டார் என்று ஆறாம் பத்தி கூறிற்று.

உண்மை வேறு. மாணவர்கள் பாடியது நாட்டுப்பண். காவலர் மூன்றுமுறை பெருந்தொகையாக வளாகத்தின் அருகே நிறுத்தப்பட்டனர்; ஆனால் வளாகத்தைச் சூழ்ந்துகொள்ளவில்லை. உணவுக்கூடம் ஒருபோதும் பூட்டப்படவில்லை. கிங் கைது செய்யப்பட்டது நான்குமுறை.

இப்பிழைகள் யாவும் ஒரே எடையுடையன அல்ல. எந்தப் பாடல் பாடப்பட்டது என்பதால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் இளைஞரைப் பட்டினியிட முயன்றனர் என்பது கொடிய குற்றச்சாட்டு. அதனைக் கூறுவோர் உணவுக்கூடத்தின் கதவு பூட்டப்பட்டதா என்று ஒருவரையேனும் கேட்டறிந்திருக்கவேண்டும்.

இங்கு நம் கருத்தை ஈர்க்கும் செய்தி மற்றொன்று உண்டு. மாணவர் ஒன்பதுபேர் நீக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவர்கள் நீக்கப்பட்டது படிகளில் பாடியதற்காக அன்று. மாண்ட்கோமரி மாவட்ட நீதிமன்றக் கட்டடத்திலிருந்த உணவகத்தில் தங்களுக்கும் உணவு பரிமாறும்படி கேட்டதற்காக. நீதி வழங்குவதற்கென எழுப்பப்பட்ட கட்டடத்திலேயே, நிறத்தின் காரணமாக உணவு மறுக்கப்பட்டது. கேட்டவர்களுக்குக் கல்வியும் மறுக்கப்பட்டது. விளம்பரம் தீட்டிய காட்சியைவிட இவ்வுண்மை அநீதியை எவ்வளவோ தெளிவாகக் காட்டுகிறது! விளம்பரத்தை எழுதியவர்கள் மிகைப்படுத்தியதால் தங்கள் வழக்கை வலுப்படுத்தவில்லை. தங்கள் கையிலிருந்த வலிமையான சான்றை அறியாமலேயே நழுவவிட்டனர். இதுவே இவ்விளம்பரத்தின்மீது நாம் கூறும் முதன்மையான குறை.

3. 'அவர்கள்' என்னும் சொல்

ஆறாம் பத்தியின் குறை வேறுவகையானது. அதில் கிங்கின் வீட்டிற்குக் குண்டுவைத்தவர்களும், அவரைத் தாக்கியவர்களும், கைது செய்தவர்களும், அவர்மீது பொய்யுறுதிக் குற்றஞ்சாட்டியவர்களும் 'அவர்கள்' என்னும் ஒரே சொல்லுக்குள் அடக்கப்பட்டனர். 1956-இல் மனைவியும் கைக்குழந்தையும் உள்ளிருக்கையில் அவர் வீட்டிற்குக் குண்டு வைக்கப்பட்டது உண்மை. பொய்யுறுதி வழக்குத் தொடரப்பட்டதும் உண்மை. 1960 மே 28 அன்று வெள்ளையர் மட்டுமே அடங்கிய நடுவர் குழுவே அவரைக் குற்றமற்றவர் என விடுவித்தது. ஆனால் குண்டு வைத்தவனும் கைது செய்த காவலனும் ஒருவரே எனக் கூறுவதற்கு விளம்பரத்தில் சான்று ஏதும் இல்லை.

நம் பிரசங்கங்களிலும் இச்சொல் அடிக்கடி வருகிறது. 'அவர்கள் நம்மை ஒடுக்குகிறார்கள்' என்கிறோம். அவர்கள் யார் என்று கேட்டால், ஓர் அதிகாரியா, ஒரு சாதியா, ஓர் அரசா என்பதற்கு நம்மிடம் விடையில்லை. நாத்தான் தாவீதின்முன் நின்றபோது குற்றவாளி யார் என்பதை ஐயத்திற்கிடமின்றி நேர்முகமாகக் கூறினான். தீர்க்கதரிசியின் துணிவு சுட்டிக் கூறுவதில் வெளிப்படுகிறது. சுட்டிக்கூற இயலாதவிடத்து, அறியாததைச் சொல்லாமலிருப்பதே நேர்மை.

4. பிழையை ஆயுதமாக்கியவர்கள்

இனி மறுபக்கத்தை நோக்குவோம். எல். பி. சல்லிவன் என்பவர் மாண்ட்கோமரி நகரின் தேர்ந்தெடுக்கப்பட்ட ஆணையர் மூவருள் ஒருவர். காவல்துறை அவர் பொறுப்பிலிருந்தது. விளம்பரத்தில் அவர் பெயர் இல்லை. எனினும், காவலரைக் குறைகூறுவது தம்மைக் குறைகூறுவதே என வாதிட்டு அவர் அவதூறு வழக்குத் தொடர்ந்தார். ஏறத்தாழ 6,50,000 படிகள் விற்ற அந்நாளிதழின் அவ்விதழில் அலபாமாவிற்குச் சென்றவை சுமார் 394 மட்டுமே. சல்லிவனுடைய சாட்சிகளுள் ஒருவரேனும் விளம்பரத்தில் கூறப்பட்டதை அவரைக்குறித்து நம்பியதாகக் கூறவில்லை. ஆயினும் 1960 நவம்பரில் நடுவர் குழு அவருக்கு 5,00,000 டாலர் இழப்பீடு வழங்கிற்று. வேறு அதிகாரிகளும் இதேபோன்ற வழக்குகளைத் தொடர்ந்தனர். அந்நாளிதழ்மீது மட்டும் மேலும் 11 வழக்குகளில் 56 இலட்சம் டாலர் கோரப்பட்டது.

இவ்வழக்குகள் உண்மையின்மீதுள்ள பற்றினால் எழுந்தவை என எவரேனும் நம்புவரோ? நீதிமன்ற உணவகத்தில் மாணவருக்கு உணவு மறுக்கப்பட்டதைப்பற்றி இவ்வதிகாரிகள் கவலைகொள்ளவில்லை. வெளியிலுள்ள இதழ்கள் தென் மாநிலங்களைப்பற்றி எழுத அஞ்சுமாறு செய்வதே இவ்வழக்குகளின் பயனாயிருந்தது. சொற்பிழையைக் காட்டிச் சமுதாயக் குற்றத்தை மறைப்பதும் ஒருவகைப் பொய்ச்சாட்சியே. நாபோத்தின் வழக்கில் (1 இராஜாக்கள் 21) நீதிமன்ற முறைகள் யாவும் ஒழுங்காகவே கைக்கொள்ளப்பட்டன. சாட்சிகள் இருவர் என்னும் எண்ணிக்கையும் பிசகவில்லை. ஆயினும் அங்கு நிகழ்ந்தது கொலை.

5. கேளாமல் எடுக்கப்பட்ட பெயர்கள்

இவ்வழக்கைப்பற்றி எழுதுவோர் பலர் நாளிதழையும் ஆணையரையும் பேசி முடித்துவிடுகின்றனர். போதகர்களாகிய நாம் வேறு நால்வரையும் நினைக்கவேண்டும். ரால்ஃப் அபர்னாதி, ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த், ஜோசப் லோவரி, எஸ். எஸ். சீ ஆகிய நான்கு கறுப்பினப் போதகர்களும் இவ்வழக்கில் எதிரிகளாகச் சேர்க்கப்பட்டனர். அவர்களுடைய பெயர்கள் அவர்களைக் கேளாமலேயே விளம்பரத்தில் இடப்பட்டிருந்தன. குழுவின் செயல் இயக்குநர் பேயார்ட் ரஸ்டின், இவர்கள் கிங்கின் இயக்கத்தைச் சேர்ந்தவர்களாதலால் தனியே இசைவு பெறவேண்டுவதில்லை எனக் கருதினார். சல்லிவனுடைய கடிதம் வந்தபோதே அவர்கள் அவ்விளம்பரத்தைப்பற்றி அறிந்தனர். தீர்ப்பிற்குப்பின் அவர்களுட் சிலருடைய மோட்டார் வாகனங்கள் பறிமுதல் செய்யப்பட்டன.

ரஸ்டின் இயக்கத்திற்காக உழைத்த பெரியவர். அவர் நோக்கத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால், தங்களை ஒருவரும் ஒரு பொருட்டாகக் கேட்பதில்லை என்று முறையிட்ட மக்களின் பெயரால் எழுதப்பட்ட விளம்பரத்திலேயே, அம்மக்களின் போதகர்களைக் கேளாமல் விட்டது சிந்திக்கத்தக்கது. நியூயார்க்கிலிருந்தவர்களின் சொற்பிழைக்கு அலபாமாவிலிருந்தவர்கள் விலைகொடுத்தனர்.

நாளிதழும் பொறுப்பிலிருந்து தப்பமுடியாது. பிழைகளைக் கண்டறியத்தக்க செய்திகள் அதன் சொந்தக் கோப்புகளிலேயே இருந்தன. ஒருவரும் எடுத்துப் பார்க்கவில்லை. கையெழுத்திட்டவர்கள் நற்பெயருடையவர்கள் என்பது போதுமானதாகக் கொள்ளப்பட்டது. நம்பத்தக்க ஒருவர் அனுப்பினார் என்னும் ஒரே காரணத்தால் கைப்பேசியில் வந்த செய்தியை அன்றைய பிரசங்கத்திலேயே சேர்த்துவிடும் நாம் இதனைக் கண்டு வியப்பதற்கில்லை.

6. தீர்ப்பும் அதன் எல்லையும்

1964 மார்ச்சு 9 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாக அத்தண்டத்தை நீக்கியது. நீதிபதி பிரெனன் எழுதிய தீர்ப்பின்படி, அரசு அலுவலர் ஒருவர் தம் அலுவல்பற்றிய அவதூறுக்கு இழப்பீடு பெறவேண்டுமாயின், கூறியவர் அது பொய்யென அறிந்தே கூறினார் என்றோ, பொய்யோ மெய்யோ எனச் சற்றும் பொருட்படுத்தாது கூறினார் என்றோ மெய்ப்பிக்கவேண்டும். தாராளமான விவாதத்தில் பிழைகள் நேர்வது இயல்பு. ஒவ்வொரு பிழைக்கும் தண்டம் விதித்தால் மெய்யைப் பேசவும் மக்கள் அஞ்சுவர் என்பது அதன் அடிப்படை.

இத்தீர்ப்பின் நிழல் தமிழகத்திலும் விழுந்தது. சிறையிலிருந்த ஆட்டோ சங்கரின் வாழ்க்கை வரலாற்றை 'நக்கீரன்' இதழ் வெளியிடுவதை அதிகாரிகள் தடுக்க முயன்றபோது எழுந்த வழக்கில், 1994-இல் நம் உச்சநீதிமன்றம் சல்லிவன் வழக்கை எடுத்தாண்டது. பொது அலுவலரின் அலுவல்பற்றி எழுதியவர், செய்தியைத் தக்கவாறு சரிபார்த்த பின்னரே எழுதினார் எனக் காட்டினால் போதும் என்று அது கூறிற்று. ஆயினும் அது இழப்பீட்டு வழக்குகளைப்பற்றியது. அவதூறைக் குற்றமாக்கும் சட்டப்பிரிவுகள் செல்லுபடியாகும் என்று அதே நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது.

சரிபார்த்தல் என்னும் இச்சொல்லை நாம் உள்ளத்திற் பதித்துக்கொள்வது நலம். அரசின் தண்டனைக்கு எதுவரை இடமில்லை என்பதைச் சட்டம் வரையறுக்கிறது. சாட்சி எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைத் திருமறை கற்பிக்கிறது. ஒன்பதாம் கட்டளை முதன்மையாக ஊர்வாசலில் நடந்த வழக்குமன்றத்தை மனத்திற்கொண்டது. அங்கே பணமும் செல்வாக்கும் இல்லாத எளியவனுக்கு உண்மையைத் தவிர வேறு துணையில்லை. ஆகவே எளியவனுக்காகப் பேசுவோர் உண்மையைத் தளர்த்தினால், அவனுக்கிருந்த ஒரே துணையையும் தளர்த்துகின்றனர். தேவனுக்காக நியாயமற்றதைப் பேசுவீர்களோ என்ற பொருளில் யோபு தன் நண்பர்களைக் கேட்ட வினா (யோபு 13:7) நமக்கும் உரியது.

7. நம் அனுபவம்

இதனை எழுதும் நாம் இவ்வகையில் குற்றமற்றவர் அல்லர். பல ஆண்டுகளுக்கு முன்னர் நாம் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில், கல்லறைத் தோட்டத்திற்குச் செல்லும் பாதை ஆதிக்கச் சாதியார் சிலரால் அடைக்கப்பட்டது. அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். சபையில் 38 குடும்பங்களே இருந்தன. வலுவாயிருக்கட்டும் என்று நூற்றுக்கும் மேல் எனக் குறித்தோம். வெளியே சென்றிருந்த மூப்பர் சிலருடைய பெயர்களை நாமே எழுதிச் சேர்த்தோம்.

விசாரிக்க வந்த அலுவலர் வீடுகளை எண்ணினார். பின்னர் பட்டியலிலிருந்த முதியவர் ஒருவரை அழைத்துக் கேட்டார். அவர் தமக்கு ஒன்றும் தெரியாது என்றார். விண்ணப்பம் அத்துடன் நின்றது. முதியவர் கூலிவேலை செய்துவந்த வயலின் உரிமையாளர் அப்பெயர்ப்பட்டியலைக் கண்டு அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார். மன்னிப்புக் கேட்கச் சென்ற நம்மிடம் அவர், "என்னைய ஒரு வார்த்தை கேட்டிருந்தா நானே கைநாட்டு வச்சிருப்பேனே, ஐயா" என்று மட்டும் சொன்னார்.

இரண்டாண்டுகளுக்குப் பின்னர் மற்றொரு விண்ணப்பம் எழுதினோம். இம்முறை வீடுவீடாகச் சென்று கேட்டெழுதினோம். அப்போதுதான், முந்தைய மழைக்காலத்தில் ஒரு தாயின் உடலை அவருடைய பிள்ளைகள் வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீரில் சுமந்து சென்றதை அறிந்தோம். முதல் விண்ணப்பத்தில் அச்செய்தியே இல்லை. நாம் அதைக் கேட்டிருக்கவில்லை. 38 குடும்பங்களும் அந்த வாய்க்காலும் அடங்கிய இரண்டாம் விண்ணப்பத்தின்மீதே பாதை திறக்கப்பட்டது.

போராட்டங்களில் பங்குபெறவிருக்கும் இறையியல் மாணவர்களை நாம் கேட்டுக்கொள்வது இதுவே. அநீதியை எதிர்த்து எழுதத் தயங்காதீர்கள். பிழை நேர்ந்துவிடுமோ என்னும் அச்சத்தால் வாய்மூடியிருப்பது ஆதிக்கம் செலுத்துவோருக்கே உதவும். ஆனால் எழுதுமுன் சென்று கேளுங்கள். எண்ணவேண்டியதை எண்ணுங்கள். ஒருவர் பெயரை எழுதுமுன் அவருடைய இசைவைப் பெறுங்கள். பிழை நேர்ந்ததாகத் தெரிந்தால், எதிரி சுட்டிக்காட்டுமுன் நீங்களே திருத்துங்கள். இவ்வாறு செய்வதால் நம் குரல் வலிமை குன்றிவிடும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஒடுக்கப்பட்டோர் படும் துன்பம் உள்ளபடி கூறப்பட்டாலே போதும். நாம் அதனுடன் கூட்டவேண்டுவது ஒன்றுமில்லை.