பொழுது சாய்ந்த பின்னும் தண்ணீரில்

சின்னப் படகு வைத்திருப்பவனுக்குச் சூரியன்தான் முதலாளி. ஒன்ராறியோவின் சிம்கோ ஏரியில் எட்டு வருடம் ரன்அபவுட் என்னும் 17 அடித் திறந்த படகு ஓட்டினேன். காற்று விழுந்து, தண்ணீர் எண்ணெய்போல் மினுங்கத் தொடங்குவது மாலை ஏழு மணிக்கு மேல்தான். சரியாக அந்த நேரம் பார்த்துப் படகை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு ரொறன்ரோவுக்குப் புறப்பட வேண்டும். பந்தியில் பாயசம் வரும்போது கை கழுவ எழுந்து போவதைப் போல. கடைசியில் படுக்க அறையுள்ள 25 அடிக் கேபின் குரூஸர் ஒன்றை வாங்கினேன். பழையதுதான்.

வடிவு என்று கேட்டால் இன்றைக்கும் என் ஓட்டு ரன்அபவுட்டுக்கே. மிச்சிகன் அல்கொனாக்கில் கிறிஸ் ஸ்மித் குடும்பம் கட்டிய மஹோகனிப் படகுகளைப் பார்த்தவர்கள் மறுக்கமாட்டார்கள். தண்ணீரோடு ஒட்டிப் படுத்திருக்கும் அந்த முதுகில் ஒரு வளைவுகூட அநாவசியமாக இராது. அதன்மேல் ஓர் அறையைத் தூக்கி வைத்தால் முதுகு கூனிவிடும். கேபின் குரூஸரைக் கரையில் நின்று ரசிக்க முடியாது. உள்ளே இறங்க வேண்டும்.

இறங்கினால் முதலில் வியப்பது, நடுவில் எஞ்சின் இல்லாததைத்தான். பழைய படகுகளில் எஞ்சின் நடுக்கூடத்தில் பெரியவர்போல் உட்கார்ந்திருக்கும். 1959இல் வொல்வோ பென்டா அக்வாமேட்டிக் என்ற ஸ்டெர்ன்டிரைவை நியூயோர்க் படகுக் கண்காட்சியில் வைத்தது. எஞ்சின் படகின் பின்சுவரோடு ஒதுங்கியது; அதன் கால் மட்டும் வெளியே தண்ணீரில் இறங்கியது. அடுத்த வருடமே ரே ஹண்ட் வரைந்த ஆழமான 'வி' அடிப்பகுதி கொண்ட மொப்பி என்ற படகு மயாமி–நசாவு பந்தயத்தில் வென்றது. என் படகு அந்த இரண்டுக்கும் பிறந்த பேரப்பிள்ளை. அகலத்தைத் தீர்மானித்ததோ தார்வீதி. தனி அனுமதியில்லாமல் வீதியில் இழுத்துப்போக எட்டரை அடிதான் எல்லை. ஆகவே இந்த வகைப் படகுகள் அநேகமாக அந்த அளவிலேயே நின்றுவிடுகின்றன.

எட்டரை அடிக்குள் ஒரு வீடு. அணியத்தில் முக்கோணக் கட்டில். சாப்பாட்டு மேசையின் ஒற்றைக் காலைக் கழற்றி, பலகையை இருக்கைகளுக்கு நடுவே இறக்கி, மெத்தை போட்டால் இன்னொரு கட்டில். ஓட்டுநர் நிற்கும் தளத்துக்கு அடியில் ஒரு பொந்து. அங்கே படுக்கலாம், எழுந்து உட்கார முடியாது. படியைத் தூக்கினால் அதற்குள் பெட்டி. எனக்கு ஆகப் பிடித்தது இழுப்பறை: சற்றுத் தூக்கிப் பிறகுதான் இழுக்க வேண்டும். அலையில் தானாகத் திறந்துகொள்ளாதபடி ஒரு சிறு பல் வைத்திருக்கிறார்கள். இதை யோசித்த தச்சன் ஒருநாளாவது கரண்டிகளைத் தரையிலிருந்து பொறுக்கியிருப்பான். குசினியைப் பார்த்த மனைவி, "இதுக்குள்ள தேத்தண்ணி வைக்கலாம், பிட்டு அவிக்கேலாது" என்று தீர்ப்புச் சொன்னார். இரண்டாவது வாரமே அவித்தார்.

ஓட்டத்தில் மட்டும் பழைய கெட்டித்தனம் செல்லாது. உயர்ந்த அறை காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. பாரமெல்லாம் பின்னால் இருப்பதால் காற்று முதலில் அணியத்தைத்தான் பிடித்துத் தள்ளும். ஸ்டெர்ன்டிரைவுக்குத் தனிச் சுக்கான் கிடையாது. புரொப்பெல்லர் தள்ளினால்தான் திரும்பும். முதலில் சக்கரத்தைத் திருப்பு, பிறகு கியரை ஒரு நொடி தொடு, உடனே எடு. இந்த வரிசையை மாற்றிச் செய்ததில் மெரினாத் தூண் ஒன்று என் படகின் விலாவில் கையெழுத்துப் போட்டிருக்கிறது. பெட்ரோல் எஞ்சினைக் கிளப்புமுன் நாலு நிமிடம் எஞ்சின் அறைக் காற்றாடியை ஓடவிடுவது, அறைக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் வைப்பது, இதெல்லாம் ரசனையில் சேராது. ஆனால் ரசிக்க ஆள் இருக்க வேண்டுமே.

சிம்கோவிலிருந்து கிழக்கே ட்ரென்ட்-செவர்ன் நீர்வழியில் போனால் படகை மேலேற்றி இறக்கும் நீர்ப்பூட்டுகள் ஐந்து ஏறி கேர்க்ஃபீல்டு வரும். 1907இல் திறந்த படகுத் தூக்கி. இரண்டு பெரிய தொட்டிகள், ஒரு தராசின் தட்டுகள். மேல்தட்டில் ஓர் அடித் தண்ணீர் கூடுதலாக விட்டால் அது கனத்து இறங்கும். அந்தப் பாரமே கீழ்த்தட்டை, படகுகளோடு, 49 அடி உயர்த்திவிடும். அதைத் தாண்டி பால்சம் ஏரிக்குப் போகும் பாறை வெட்டிய கால்வாயில் மணிக்கு 10 கிலோமீட்டர்தான் வேகம். அந்த வேகத்தில் என் படகு குடித்தவன்போல் இடமும் வலமும் அலையும். புதியவன் ஒவ்வோர் அலைவுக்கும் சக்கரத்தைச் சுழற்றி இன்னும் கெடுப்பான். கையை அசைக்காமல் வைத்திருந்தால் அது தானே நடுவுக்கு வந்துவிடும். இதைக் கற்க எனக்கு ஒரு கோடை முழுவதும் பிடித்தது.

அப்படிப் போன ஒரு நாள், இரவுக்கு ஒரு பூட்டின் மதிலோரம் கட்டினோம். நீலக்கோட்டுப் பக்கம் கட்டக்கூடாது. அது அடுத்துக் கடக்கக் காத்திருப்பவர்களுக்கு. ஏழு மணி ஆயிற்று, எட்டாயிற்று. ட்ரெய்லர் இல்லை, நெடுஞ்சாலை இல்லை. படகின் அடியில் தண்ணீர் 'களுக், களுக்' என்று பேச, இருட்டுக்குள் ஒரு லூன் பறவை கூவியது. நுளம்புகளும் வந்தன, மறைக்கவில்லை.

இப்படியொரு படகு பார்க்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஓட்டிப் பார்த்த சந்தோசத்தில் முன்பணம் கொடுத்துவிடாதீர்கள். எஞ்சினை அணைத்துவிட்டு, அந்தப் பொந்துக்குள் கால்மணி நேரம் படுத்துப் பாருங்கள்.